கொசு மேடம்

ஆபீசில் இரண்டு அஞ்சலைகள் இருந்தோம். இரண்டு பேரும் தினக்கூலி. கூலிப் பதிவு நோட்டான மஸ்டரில் ஊர்ப் பெயர் போட்டுப் பிரித்திருந்தார்கள். நான் கூட்டேரிப்பட்டு, அவள் மயிலம். வாயால் கூப்பிடும்போது யாரும் ஊரைச் சொல்வதில்லை. எனக்கு முன்பல் இரண்டு தூக்கல். அதனால் நான் பல்லு அஞ்சலை. அவள் நெட்டை அஞ்சலை.

மேடம் வேலைக்கு வந்த முதல் வாரம் மேஸ்திரி என்னைக் காட்டினார். "இது பல்லு அஞ்சலை மேடம். பூச்சி வலை நல்லா வீசும்."

மேடம் என் வாயைப் பார்க்கவில்லை. "பல்லு எல்லாருக்கும்தான் இருக்கு" என்றார். எங்கள் இருவரையும் தோப்புக்குள் வலை வீசிக்கொண்டு போகச் சொன்னார். அரை மணி நேரம் வெயிலில் நின்று பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார். "நீங்க இடது பக்கத்துலேர்ந்து வீசுறீங்க. அவங்க வலது. நீங்க இடது அஞ்சலை, அவங்க வலது அஞ்சலை."

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது மயிலத்துக்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஒரு பேரு வெக்க அரை மணி நேரமாடி? எங்கூட்ல நாலு புள்ளைக்கி பேரு வெச்சேன். மொத்தமா இவ்ளோ நேரம் ஆவல."

நான் சிரிக்கவில்லை. பல்லைச் சொல்லாமல் யாரும் என்னைக் கூப்பிட்டது இல்லை. கட்டினவர்கூட.

திண்டிவனத்தில் எங்கள் ஆபீஸ் பயிர்ப் பூச்சி பார்க்கிற ஆபீஸ். மேடத்துக்குக் கொடுத்திருந்தது முந்திரிப் பூச்சி. மரக்காணம் ரோட்டில் தோப்பு தோப்பாக முந்திரி உண்டு. மார்கழி தையில் துளிர் விடும். அப்போது இந்தப் பூச்சி வரும். கொசு மாதிரி மெலிசாக, நீளக் காலோடு இருக்கும். தலை கறுப்பு, உடம்பு செம்பு நிறம். முதுகில் குண்டூசி குத்தி வைத்தாற்போல ஒரு கொம்பு. துளிரில் ஊசி போட்டு உறிஞ்சும். இரண்டு நாளில் துளிர் கருகிவிடும். பூ வராது, கொட்டை வராது. தோப்புக்காரர்கள் அதைக் கொசு என்பார்கள்.

"கொசு இல்லீங்க. கொசு வேற. இது மூட்டைப்பூச்சிக்குச் சொந்தம்" என்று மேடம் ஒவ்வொரு தோப்பிலும் சொல்வார். சரி மேடம் என்பார்கள். மறுபடி கொசு என்றே சொல்வார்கள். கடைசியில் அவருக்கே கொசு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் போனது. அதை மட்டும் அவர் திருத்தவில்லை.

அந்தப் பூச்சியில் மூன்று வகை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். வகுப்பு எடுப்பதுபோல இல்லை. வேலை செய்துகொண்டே வாய்க்குள் பேசிக்கொள்வார். நான் பக்கத்தில் நிற்பதால் என் காதில் விழும். மேலே பார்த்தால் மூன்றும் ஒன்று. ஒரு வகைக்குப் பின் தொடை அடியில் வெள்ளையாக வளையம் இருக்கும். அந்த வளையத்தை வைத்துப் பிரித்துவிடலாம் என்று புத்தகக்காரர்கள் சிலர் எழுதியிருக்கிறார்களாம். மேடம் அதை நம்பமாட்டார். வளையம் சிலதில் பளிச்சென்று இருக்கும், சிலதில் மங்கிப் போயிருக்கும். ஆண் பூச்சியின் வால் நுனிக்குள் ஒரு கொக்கி இருக்கிறது. அது மட்டும் வகைக்கு வகை மாறும். அதைப் பார்த்தால்தான் பெயர். பார்க்கிறவரை பெயர் கிடையாது.

பெரிய சார் ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர். மேசையில் பெண் பூச்சிகள் தனியாகவும் ஆண் பூச்சிகள் தனியாகவும் கிடந்தன. மேடம் ஆண் குவியலுக்குள் குனிந்திருந்தார்.

"என்ன மேடம், பூச்சியிலகூட ஆம்பளையத்தான் தேடுறீங்க?" என்றார் பெரிய சார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மேடத்துக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

மேடம் தலையைத் தூக்கவில்லை. "ஆமா சார். பொம்பளைங்கள வச்சுப் பிரிக்கிறது கஷ்டம். ஆம்பளைங்கதான் வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. பெரிய சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இந்த ரூமுக்கு ஒரு ஃபேன் மாத்தணும் என்றார். மாற்றவில்லை.

மேடம் விழுப்புரத்தில் குடியிருந்தார். தினமும் பஸ்ஸில் வந்து போவார். சாயங்காலம் நானும் அவரும் ஒரே பஸ். நான் கூட்டேரிப்பட்டில் இறங்கிவிடுவேன். பஸ்ஸில் விழுப்புரம் என்று பலகை மாட்டியிருக்கும். இருந்தாலும் படியில் கால் வைக்குமுன் கண்டக்டரைக் கேட்பார். "விழுப்புரம்தானே?"

கண்டக்டர் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார். "மேடம், தெனம் வர்றீங்கோ, தெனம் கேக்கறீங்கோ. நான் இன்னா பாண்டிக்கா ஓட்டிக்கினு போவப் போறேன்?"

"பலகை மாத்த மறந்திருப்பீங்க."

"மறந்தா வண்டியோட மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கலாம் மேடம்."

"மூஞ்சியப் பாத்து தெரியாதுங்க" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டில் என்னை உட்காரச் சொல்வார். இரண்டு பேரும் பேசமாட்டோம். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. கட்டினவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகன் ஓசூரில் கம்பெனியில் இருந்தான். வீட்டிலும் பேச ஆள் இல்லை. பஸ்ஸில் பேசாமல் இருப்பதற்கும் வீட்டில் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தது.

ஒரு தடவை மேடம் நாலு நாள் வேலைக்கு வரவில்லை. போன் பண்ணினேன். காய்ச்சல் என்றார். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போனேன். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆபீசில் பார்க்கிற ஆளை வாசலில் பார்த்தால் அவருக்கு உடனே பிடிபடாது போலிருக்கிறது.

"டாக்டர் இன்னா சொன்னாரு மேடம்?"

"வைரல் காய்ச்சல்னார். உள்ள நுழைஞ்ச உடனே சொல்லிட்டார். அதான் எனக்கு நம்பிக்கை இல்ல. ரத்தம் குடுத்திருக்கேன். நாளைக்குத் தெரியும்."

நான் கேப்பை மாவு கொண்டுபோயிருந்தேன். கஞ்சி காய்ச்சினேன். அறையில் நாற்காலி இரண்டு. ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து வெளுத்திருந்தது. இன்னொன்றில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் அப்படியே இருந்தது.

"புதுசுங்களா?"

"ஏழு வருஷம் ஆச்சு. ஜோடியாத்தான் குடுப்பேன்னான்."

கத்தரிக்கோலை எடுத்துவந்து பாலித்தீனைக் கிழித்தார். காய்ச்சல் கையோடு. நான் உட்கார்ந்தேன். கீழே ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. இரண்டு ரயில் போயின.

"தனியா இருக்கறது பயமா இல்லீங்களா மேடம்?"

யோசித்தார். "பயம்னு சொல்ல முடியாது. வேற ஏதோ ஒண்ணு இருக்கு."

"இன்னாது?"

"பேர் தெரியல."

எனக்கும் அதுதான் இருந்தது. எனக்கும் பேர் தெரியாது. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு நாலு மணி பஸ் பிடித்தேன்.

அடுத்த வருஷம் வேப்பமரங்கள் கருகின. திண்டிவனம் பக்கம் ரோட்டோரம் எல்லாம் நுனி நுனியாகத் தீ வைத்தாற்போல நின்றன. வேப்பந்துளிரிலும் இந்தக் கொசு இருப்பதைத் தோப்புக்காரர்கள் கண்டார்கள். வேம்பிலிருந்துதான் முந்திரிக்கு இறங்குகிறது, வேம்பை வெட்டினால் முந்திரி பிழைக்கும் என்று பேச்சு கிளம்பியது. நிறைய பேர் வெட்டினார்கள்.

மரக்காணம் ரோட்டில் ஒருவருக்கு நாலு ஏக்கர் முந்திரி. கிழக்கு ஓரத்தில் ஒன்பது வேம்பு வைத்திருந்தார். முன்பு ஒரு புயலில் அவர் தோப்பு முழுக்கச் சாய்ந்தபோது வேம்பை ஒட்டிய வரிசை மட்டும் தப்பித்தது. அதனால் வெட்ட மனசில்லை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் விடவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, நீ வெட்டாவிட்டால் நாங்கள் வந்து வெட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஆபீசுக்கு வந்து மேடத்தின் முன்னால் நின்றார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். வேம்புல இருக்கறதும் முந்திரியில இருக்கறதும் ஒண்ணுன்னா நானே வெட்டிடறேன். வேறன்னா வேறன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்கோ. நீங்க சும்மா சொல்லமாட்டீங்கன்னு தெரியும்."

"ரெண்டு வாரம் குடுங்க."

"ஜல்தியா பாருங்க மேடம். ஒரே பேஜாரா இருக்குது."

நான் போய் வலை வீசினேன். வேம்பில் கிடைத்ததில் ஆறு ஆண், முந்திரியில் கிடைத்ததில் ஆறு ஆண். மேடம் ஒவ்வொன்றின் வால் நுனியையும் வெட்டினார். சதை கரைகிறதற்காகக் காரம் கலந்த மருந்துத் தண்ணீரில் போட்டு வெந்நீரில் வைத்தார். கடைசியில் மிஞ்சியது எள்ளில் கால்வாசி இருக்கும், தேன் நிறத்தில். அதைத் தட்டில் வைப்பார். வெள்ளைப் பீங்கான் தட்டு. பணியாரக் கல் மாதிரி பன்னிரண்டு குழி. மேல் வரிசை வேம்பு, கீழ் வரிசை முந்திரி. குழிக்கு ஒரு சொட்டு கிளிசரின், அதற்குள் ஒரு வால். எந்தக் குழியில் எந்தப் பூச்சி என்று நோட்டில் இருக்கும். பூச்சியின் மீதி உடம்பு ஊசியில் குத்திப் பெட்டியில் இருக்கும்.

கிளிசரின் இனிக்கும். எறும்பு வரும். மேசைக் கால் நாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அன்றைக்கு ஒரு கிண்ணம் காய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பெரிய சார் கூப்பிட்டு மேடம் மீட்டிங்குக்குப் போயிருந்தார். நான் உள்ளே வந்தபோது எறும்பு சாரையாகத் தட்டு விளிம்புவரை ஏறியிருந்தது. வாலைத் தூக்கிப் போய்விடும் என்று பதறித் தட்டைத் தூக்கினேன். சிவப்பு எறும்பு. விரல் இடுக்கில் கடித்தது. கை உதறியது. தட்டு சாய்ந்தது.

ஐந்து குழி காலி. மேலே மூன்று, கீழே இரண்டு. மேசைமேல் ஐந்து வால் கிடந்தன.

தூரிகையை நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். குழிக்கு ஒன்று வைத்தேன். எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. சொட்டு கிளிசரின் விட்டேன். மேசையைத் துடைத்தேன். பார்த்தால் முன்பு இருந்தது போலவே இருந்தது.

மேடம் வந்தார். மேசை ஈரத்தைப் பார்த்தார்.

"தட்டை யாராவது தொட்டாங்களா அஞ்சலை?"

"எறும்பு வந்துது மேடம். தொடச்சேன்."

"தட்டு?"

"அப்பிடியேதான் இருக்குது."

தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்னதை நம்பாதவர். பஸ் பலகையை நம்பாதவர். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வலை இல்லாவிட்டால் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போவேன். பிழைத்துக்கொள்வேன். அந்த அறைக்குள் இனி என்னை விடமாட்டார் என்பதுதான் பயம்.

ஐந்தாம் நாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"இங்க பாருங்க. இது வேம்புலேர்ந்து வந்தது. கால்ல வளையம் இருக்கு. உள்ள கொக்கியப் பாத்தா வேற வகையோடது. முந்திரியிலயும் இதே மாதிரி கலந்து வருது. ரெண்டு வகையும் ரெண்டு மரத்துலயும் இருக்கு. வளையத்துக்கும் கொக்கிக்கும் சம்பந்தமே இல்ல. இப்படி யாரும் எழுதல அஞ்சலை."

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொக்கி தெரிந்தது. மீன் தூண்டில் மாதிரி. அது எந்த மரத்துப் பூச்சியோடது என்று தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பதே தெரியாது.

அன்றைக்கு அவரே கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். நாலு வருஷத்தில் அப்படிச் செய்தது அந்த ஒரு நாள்தான். எப்போதும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர் அன்றைக்குப் பார்க்காமல் குடித்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப வேப்பமரம் மேடம்?"

"வேம்புலேர்ந்து முந்திரிக்குப் போகுதுன்னுதான் அர்த்தம். வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிடலாம்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டு வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். கண்டக்டர் விசிலடிப்பார். இறங்கிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஜீப்பில் போனோம். தோப்பில் பத்துப் பேர் நின்றார்கள். மரம் அறுக்கிற மெஷினோடு ஒரு ஆள் தயாராக வந்திருந்தான். பக்கத்துத் தோப்புக்காரர் ஏற்பாடு. மேடம் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "பன்னெண்டு பூச்சி பாத்தேன். ரெண்டு வகையும் ரெண்டு மரத்துலயும் இருக்கு."

வேம்புக்காரர் தலையாட்டினார். "நீங்க சொன்னா சரிதாங்க மேடம்" என்றார். மெஷின்காரனுக்குக் கையைக் காட்டினார். ஓரத்து மரத்துக்குப் போனார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் முந்திரிக்குள் நடந்தார்.

மெஷின் சத்தம் வந்தது. மரத்தூள் பறந்தது. நான் மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"தட்டு சாஞ்சிது மேடம்."

சத்தத்தில் கேட்கவில்லை. கிட்டே வந்தார். "என்ன?"

"அன்னிக்கி எறும்பு வந்தப்ப தட்டு சாஞ்சிது. அஞ்சு வெளிய வந்துடுச்சி. நான்தான் பொறுக்கி வெச்சேன்."

"எந்த அஞ்சு?"

"தெரியல மேடம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தைப் பார்த்து ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மெஷின்காரன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். அவன் பயந்து மெஷினை நிறுத்தினான்.

"நிறுத்துங்க. நான் சொன்னது தப்பு."

பக்கத்துத் தோப்புக்காரர் வந்தார். "இன்னா மேடம் இது? இப்பதான் ஒண்ணு சொன்னீங்கோ. அதுக்குள்ள பூச்சி வேசம் மாத்திக்கிச்சா?"

"நான் சரியாப் பாக்கல. மறுபடி பாக்கணும்."

"கொசு மேடத்துக்கே கொசு தெரியலயாம்டா" என்று எவனோ சொன்னான். சிரிப்பு எழுந்தது. மேடம் கைகளை இறக்கவில்லை.

மெஷின்காரன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "பாதிக்கு மேல அறுத்தாச்சி மேடம். இத வுட முடியாது. காத்தடிச்சா யார் மேலனா வுழும்."

அந்த ஒன்றை மட்டும் அறுத்தார்கள். அது விழுகிறவரை மேடம் அங்கேயே நின்றார். நான் தட்டைச் சாய்த்ததை அவர் அங்கே சொல்லவில்லை. ஜீப்பிலும் சொல்லவில்லை. என்ன ஆனது என்று டிரைவர் இரண்டு தடவை கேட்டார்.

திங்கட்கிழமை நான் மறுபடி வலை எடுத்தேன். இந்தத் தடவை வேம்பில் பன்னிரண்டு, முந்திரியில் பன்னிரண்டு. மேடம் தனியாகவே எல்லாம் செய்தார். மேசைக் கால் கிண்ணத்துக்கு அவரே தண்ணீர் ஊற்றினார். என்னை உள்ளே வராதே என்று சொல்லவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நான்தான் வாசலோடு நின்று பூச்சி பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொள்வார். முன்பு வாய்க்குள் பேசிக்கொண்டே வேலை செய்வார் அல்லவா, அந்தப் பேச்சு நின்றிருந்தது. நான் வந்தால் நிற்கிறதா, மொத்தமாகவே நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்துநாலும் பார்த்து முடித்தார். வேம்பில் இருந்தது எல்லாம் ஒரு வகை, முந்திரியில் இருந்தது எல்லாம் வேறு வகை. வளையமும் கொக்கியும் ஒத்துப்போயின. யாரும் எழுதாத விஷயம் என்று ஒன்றும் இல்லை. புத்தகத்தில் இருந்ததுதான். காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தோப்பில், இந்தப் பருவத்தில், நான் பார்த்த இருபத்துநாலில் என்றுதான் ஆரம்பித்திருந்தார். வேம்புக்காரர் அதை லேமினேஷன் பண்ணி வைத்துக்கொண்டார். எட்டு மரம் நின்றது.

மேடத்துக்கு மெமோ வந்தது. பார்க்காமல் சொல்லி மரம் வெட்ட வைத்தார், ஆபீஸ் பெயர் கெட்டது என்று. நான் பெரிய சாரிடம் போனேன்.

"தட்டு சாச்சது நான்தான் சார். கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நான்தான்."

அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஏம்மா, தினக்கூலிக்கு மெமோ குடுக்க ரூல் கெடயாது. போ, போயி வேலயப் பாரு."

பிறகு மேடத்துக்கு மாற்றல் வந்தது. தெற்கே எங்கேயோ மலைப்பக்கம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு நான் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். பகல் பதினோரு மணி. திருச்சி பஸ் நின்றிருந்தது. பெட்டியை ஏற்றினேன். இந்தத் தடவை கண்டக்டரை ஒன்றும் கேட்காமல் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன்.

"மேடம். எம்மேல கோவமா?"

பார்த்தார். அவசரப்படவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். அப்புறம்தான் பேசினார்.

"மரத்துக்காகன்னா கோவம்தான். அது தெரியுது. தட்டுக்காகன்னா இல்ல. கை யாருக்கும் தவறும். நான் கேட்டேன், நீங்க இல்லன்னீங்க. அதுக்கு எனக்கு என்ன இருக்குன்னு இன்னும் தெரியல."

"தெரிஞ்சா சொல்லுங்க மேடம்."

"சொல்றேன். உங்க நம்பர் இருக்கு."

பஸ் போய்விட்டது.

நாலு வருஷம் ஆகிறது. அந்த ஆபீசில் இப்போது நான் இல்லை. பங்குனியில் மகன் ஓசூரிலிருந்து புது போன் வாங்கி வந்தான். நம்பரையும் மாத்திடலாம்மா, வேற கம்பெனியில ஆஃபர் போட்டிருக்கான் என்றான். வேண்டாம் என்றேன்.

"ஏம்மா, ஒனக்கு யாரு போன் பண்றாங்கோ?"

பழைய சிம்மையே போடச் சொன்னேன்.